ஓசுமியின் முழங்கைப் பனி

அந்தக் குளிர்காலத்தில் எடோ நகரத்தில் விழுந்த பனி அத்தனையும் ஓசுமியின் வலது முழங்கையிலிருந்து விழுந்ததுதான். கோயில் கூரை, பாலத்துக் கைப்பிடி, சோயா கிடங்கின் கறுப்புச் சுவர், எல்லாவற்றின் மேலும் அவள்தான் கொட்டினாள். சரி, முகத்தைச் சுளிக்க வேண்டாம். கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பாதியை வானமும் போட்டிருக்கும். ஆனால் தாளில் விழுந்த பனி இருக்கிறதே, பழைய அரண்மனைப் பாட்டுகளுக்குப் படம் போட்டு அச்சடிப்பார்களே, அந்தப் படங்களில் பைன் மரத்தின் மேலும் வாசற்கூரையின் மேலும் வெள்ளைமேல் வெள்ளையாகப் புடைத்து நிற்கும் பனி, அது ஓசுமியுடையது. அதில் கடுகளவும் பொய் இல்லை.

பனிக்கு மை கிடையாது. அதுதான் அதில் உள்ள சிரமம். கறுப்புக்கு ஒரு பலகை, சிவப்புக்கு ஒரு பலகை, நீலத்துக்கு ஒரு பலகை என்று ஒவ்வொன்றாக மை தடவி, மூங்கில் மட்டை சுற்றிய வட்டால் தாளின் முதுகைத் தேய்த்து எடுத்த பிறகு, கடைசியாக ஒரு வெறும் பலகை வரும். ஈரத்தாளை அதன்மேல் கவிழ்த்து, முழங்கையை ஊன்றி உடம்புப் பாரத்தையெல்லாம் இறக்கி அழுத்த வேண்டும். பலகையில் குழியாக இருப்பது தாளில் மேடாக எழும். நேராகப் பார்த்தால் வெறுந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் பனி.

இந்த வேலை அவளுக்கு வந்த விதமே வேடிக்கை. ஊறுகாய்க்காரர் மகள் அவள். அச்சடிக்கிற தொமேசோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மற்ற வீட்டுப் பெண்களைப்போலத் தாளை நனைத்து அடுக்கிக்கொண்டிருந்தவள். ஒருநாள் தொமேசோ விலாவைத் தடவிக்கொண்டே சொன்னாராம்:

“தூக்கத்துல நீ இடிச்ச இடி இது. இந்த முழங்கையால என் எலும்பு படற பாட்டைத் தாள் படட்டும். வா, உட்காரு.”

“உங்க எலும்பு உள்ள போனாத்தான் மணையில உட்கார விடுவீங்களா? முன்னமே சொல்லியிருந்தா மொத ராத்திரியே இடிச்சிருப்பேனே.”

அப்படித்தான் தொடங்கியது. தெருமுனையில் மொஹெய் நடத்திய அச்சுக்கூடத்தில், இடப்பக்கமிருந்து வெளிச்சம் விழும் ஜன்னலோர மணை தொமேசோவுடையது. அவர் நிறங்களை முடித்துவிட்டு நகர்ந்து கொடுப்பார். அவள் உட்கார்ந்து பனியைப் போட்டுவிட்டு எழுவாள். ஆண்டு முடிவில், புத்தாண்டு மோச்சிக்காக அக்கம்பக்கத்தில் அரிசி இடிக்கும் சத்தம் கேட்கும்போது, தொமேசோ அந்த உலக்கைத் தாளத்துக்கே வட்டைத் தேய்ப்பார். “ஹோய்” என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் முழங்கையும் அதே தாளத்தில் இறங்கும். பதினோரு ஆண்டுகள்.

பிறகு ஒரு கோடையில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் தொமேசோ போய்விட்டார். ஓசுமிக்கு மிஞ்சியது ஒன்பது வயது நுயியும், சுவரோரம் சாய்த்து வைத்த சில பழைய செர்ரிப் பலகைகளும்தான். நுயி வாயாடாத பெண். கட்டைவிரல் நகம் ஒன்று கோணலாக வளர்ந்திருக்கும். யாராவது பார்த்தால் கையைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொள்வாள்.

ஜன்னலோர மணை காலியானது. தொமேசோவின் தம்பி கான்பெய்யும் அதே கூடத்தில்தான் அச்சடித்தான். கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. எப்போதும் வாயில் ஒரு பல்குச்சி. மணை தனக்குத்தான் என்று அதன் மெத்தையைக்கூடத் துவைத்துப் போட்டுவிட்டான்.

ஓசுமி நேரே மொஹெய்யிடம் போனாள். “அந்த மணை எனக்கு வேணும், பெரியவரே.”

கூடத்தில் சிரிப்பு. கான்பெய் குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினான். “அண்ணி, முழங்கை ஒண்ணு போதும்னா கொக்குகூட அச்சடிச்சிருக்கும்.”

“கொக்குக்கு வாய்தான் நீளம், தம்பி. அது உனக்குப் பொருந்தும்.”

மொஹெய் சிரிக்கவில்லை. அவர் சட்டம் பேசும் மனிதர். முப்பது ஆண்டாக ஒரே வாக்கியத்தை வேலைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: குறைத்தாள் அச்சுக்காரர் கையைத் தாண்டக் கூடாது, குறைத்தாளை வெளியே விடுகிறவன் மணையில் உட்கார லாயக்கில்லை. பிழைபட்ட தாளைக் கிழித்துத் தட்டிக்கு ஒட்டுப் போடுவார்களே தவிர, ஒன்று வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. அவர் சொன்னார்:

“பாட்டுச் சங்கத்துக்காரங்க புத்தாண்டுக்கு நூத்தியிருபது தாள் கேட்டிருக்காங்க. பனிப்படம். நிறத்துலேர்ந்து பனி வரைக்கும் நீயே போடு. ஒண்ணும் திரும்பி வராம அவங்க எடுத்துக்கிட்டா மணை உன்னோடது. ஒரே ஒரு தாள் திரும்பி வந்தாலும் கான்பெய் உட்காருவான். நீ பழையபடி தாள் நனைக்கப் போ. சரியா?”

“சரி.”

அந்தச் சங்கம் பிரபுக்கள் சங்கம் ஒன்றுமில்லை. சோயா வியாபாரி கிச்சிபெய்தான் தலைவர். மாதம் ஒருமுறை மாடியில் கூடிச் சூடான சாக்கே மது குடித்துக்கொண்டு பழைய பாட்டுகளுக்குக் கேலிப்பாட்டு கட்டுவார்கள். ஆளுக்கொரு புனைபெயர். கிச்சிபெய் தன் வழுக்கையை முன்னிட்டு ‘மொட்டைநிலவனார்’. விலாங்கு சுட்டு விற்பவர் ‘வழுக்கும் நதியார்’. புத்தாண்டில் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ள அவர்கள் அச்சடிக்கும் தாளுக்குக் கடையில் விற்பனை கிடையாது. அதனாலேயே அதில் ஒரு தூசி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பழைய பாட்டு, அரண்மனைப் பெண் ஒருத்தி காத்திருந்து பாடியது:

*வந்தாய் என்பதற்குச் சான்றில்லை;*
*வாசல்வரை வெறும் வெண்மை.*
*உன் அடிகளை மூடிவிட்டு*
*ஒன்றும் அறியாததுபோல்*
*பொழிகிறது பனி.*

பக்கத்தில் மொட்டைநிலவனாரின் பதில்: சான்று வேண்டுமா அம்மா, அவன் என் வீட்டில் குடித்து வைத்த கிண்ணம் மூன்று இருக்கிறது என்று. படத்தில் ஆளே இல்லை. அவளும் இல்லை, அவனும் இல்லை. ஒரு வாசல், ஒரு பைன் மரம், மிச்சமெல்லாம் பனி. “ஒரு காக்காத் தடம்கூட இருக்கக் கூடாது. பாட்டே அதுதான்” என்று கிச்சிபெய் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் பார்த்து நன்றாகக் காய்ந்த செர்ரிப் பலகை எங்கும் கிடைக்கவில்லை. ஓசுமி வீட்டுச் சுவரோரமிருந்த ஒரு பழைய பலகையைச் செதுக்குகிறவரிடம் கொண்டுபோனாள். அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார்.

“இங்க ரெண்டு வெட்டு இருக்கே. பக்கத்துல பக்கத்துல. இழைச்சுடட்டுமா?”

“வேண்டாம். மை படாத பலகைக்கு இழைப்பு எதுக்கு?”

இதைவிடப் பெரிய தப்பை ஓர் அச்சுக்காரி வாயால் சொல்ல முடியாது. மை இருந்தால் சின்னச் சின்னப் பிழையெல்லாம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெறும் பலகையில் மயிரளவு கீறலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். ஓசுமிக்கு இது தெரியாதா? எடோவில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்தேதான் சொன்னாள்.

அந்த இரண்டு வெட்டும் தொமேசோ கையால் விழுந்தவை. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவள் கிணற்றடியிலிருந்து வந்தபோது, நல்ல பலகை ஒன்று இப்படிக் கிடந்தது. “கை தவறி சுத்தியலோட கூர்முனை பட்டுடுச்சு. நான்தான்” என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். கை தவறாத மனிதர்! அன்று அவள் திட்டிய திட்டில் கிணற்றடியில் நின்ற எல்லோரும் குடத்தை மறந்தோம். இப்போது அவர் சட்டை பழந்துணிக்காரனிடம் போய்விட்டது. அவர் புகைக்குழலின் நாற்றமும் அறையைவிட்டுப் போய்விட்டது. தடவிப் பார்த்தால் தட்டுப்படும்படி அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதன்மேல் இழைப்புளியை ஓட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வாசலுக்கு முன்னே வெறும் தரையில்தானே வருகிறது, முழங்கையை அங்கே அழுத்தாமல் சுற்றிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள்.

முதல் இருபத்துநான்கு தாள் கணக்குப்படியே வந்தது.

அப்போது அடுத்த சந்தில் மோச்சி இடிக்கத் தொடங்கினார்கள். தும், தும், இடையில் மாவைத் திருப்புகிறவர் போடும் “ஹோய்”. ஓசுமி தாளைக் கவிழ்த்தாள். முழங்கை இறங்கியது. தும். எடுத்தாள், அடுத்ததைக் கவிழ்த்தாள். தும். அவர் இல்லை என்பதே அவளுக்கு மறந்துபோனது. நகர்ந்து கொடுத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று குழலைத் தட்டுவதுபோலவே இருந்தது. ஹோய். மிச்சத் தாள் முழுவதையும் அந்தத் தாளத்திலேயே போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓய்ந்தார்கள்.

கூடத்தில் புத்தாண்டு நாட்காட்டிகள் உலரத் தொங்கியதால் ஓசுமியின் தாள்களை அவள் வீட்டிலேயே கயிறு கட்டி உலர்த்தினார்கள். மறுநாள் காலை வெயில் சாய்வாக உள்ளே வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். தொண்ணூற்றாறு தாளிலும் வாசலுக்கு நேர் எதிரே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கோடு. மரச்செருப்பின் அடிக்கட்டைப் பல் இரண்டும் பனியில் பதிந்தால் எப்படி இருக்கும், அச்சு அசலாக அப்படி. யாரோ ஒருவன் வாசல்வரை வந்து ஒற்றைக்காலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான்.

பார்க்கக் கூடாதவன்தானே முதலில் வருவான்? கான்பெய் எட்டிப் பார்த்தான். ஒரு தாளைப் பிடித்துச் சாய்த்தான். பல்குச்சி கீழே விழுந்தது.

“அண்ணி… பாட்டுல வந்தவனோட தடமே இல்லங்கறாங்க. உங்க தாள்ல எவனோ செருப்போட நிக்கிறான்!”

“கண்ணு தெரியுது உனக்கு. சந்தோஷம். போய் மெத்தையை இன்னொரு தடவை துவைச்சு வை.”

“நாளைக்கு மத்தியானம் சங்கத்துக்காரங்க வராங்க.”

“நாள் எண்ண எனக்கும் தெரியும்பா. நான் பார்த்துக்கறேன்.”

அவன் போனான். கிணற்றடிக்கு அவள் குரல் கேட்டது, அழுகை இல்லை, அதட்டல்: “எல்லாரும் வாங்க! வரும்போது ஆளுக்கொரு சிப்பி!” மீன்காரர் மனைவி ஓகத்சு ஒரு கூடை சிப்பியோடு வந்தாள். முதுகு வழவழவென்றிருக்கும் பெரிய சிப்பிகள். அந்த இரண்டு கோட்டின் மேல் மட்டும் தூரிகையால் ஈரம் தொட்டு, தாளைக் கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து சிப்பி முதுகால் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் தாள் பளபளக்கும். குறைத்தால் அவன் அங்கேயே நிற்பான்.

“இந்த மனுஷன் போக மாட்டேங்கறானே” என்றாள் ஓகத்சு மூன்றாவது தாளில். “என் வீட்டுக்காரரை வாசல்ல நிக்க வைக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். இங்க என்னடான்னா துரத்தறதுக்கு ஆள் கூப்பிடறோம்.”

எல்லோரும் சிரித்தோம். ஓசுமியும் சிரித்தாள். ஆனால் அவள் தேய்ப்பதைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் முதலில் வெயிலில் சாய்த்து அந்தத் தடத்தை ஒரு நொடி பார்ப்பாள். பிறகு கவிழ்ப்பாள். தேய்ப்பாள். தன் கையாலேயே. பாட்டில் பனி செய்த வேலையை அன்று முழுவதும் அவள் செய்தாள்.

மற்றவர்கள் பத்துத் தாளில் கை ஓய்ந்து டீ கேட்டார்கள். நுயி மட்டும் தலை நிமிரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முப்பத்தொரு தாள் தேய்த்தாள். “அப்பாவோட தடம்மா, மெதுவா” என்று ஓசுமி சொன்னபோது அந்தக் குழந்தையின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நல்லவேளை, தாளில் விழவில்லை. அப்பா மேல் எத்தனை பாசம் என்று நாங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம்.

தொண்ணூற்றைந்து முடிந்தது. கடைசித் தாளை ஓசுமி கவிழ்த்தாள். சிப்பியை எடுத்தாள். பிறகு சிப்பியைக் கீழே வைத்துவிட்டு, தாளை மடிக்காமல் சுருட்டி, உடையின் மார்பு மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அச்சுக்கூடத்தில் கிச்சிபெய் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் சாய்த்தார். அவர் மொட்டைத்தலையில் வெயில் பட்டுச் சுவரில் ஒரு வட்டம் ஆடியது. மொஹெய் கை கட்டி நின்றார். கான்பெய் புதுக் குச்சியோடு தூணில் சாய்ந்திருந்தான். தடத்தைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவனுக்கும் அவர் அண்ணன்தானே. அல்லது திறக்காமலே மணை வரும் என்று நினைத்தானோ என்னவோ.

“பனி அருமை” என்றார் கிச்சிபெய் கடைசியில். “குளிருது. ஆனா நூத்திப்பத்தொம்பதுதான் இருக்கு.”

“இன்னொண்ணு குறைத்தாள், ஐயா.”

“என்ன குறை?”

“வாசல்ல யாரோ வந்து நின்னுட்டுப் போன மாதிரி ஒரு தடம் விழுந்துடுச்சு.”

மொஹெய் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கிச்சிபெய்யின் முகம் மாறியது. தாளை மடியில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“நேராப் பார்த்தா தெரியாது. சாய்ச்சா தெரியும். அப்படியா?”

“ஆமா.”

“மூடின பனிக்கு அடியில… அம்மாடி! அதைக் கொண்டாம்மா. அது எனக்கு. என் வீட்டுச் சுவர்ல மாட்டிக்கறேன். மணைச் சங்கதி என் காதுக்கும் வந்துச்சு; உன் மணைக்கு நானாச்சு, மொஹெய்கிட்ட நானே பேசறேன்.”

ஓசுமியின் கை மார்பு மடிப்புக்குப் போனது. தாளின் ஓரம் விரலில் பட்டிருக்க வேண்டும். கொடுத்தால் மணை. அவ்வளவுதான், கை நீட்டினால் போதும். ஜன்னலிலிருந்து விழும் வெளிச்சம், பதினோரு ஆண்டு அவர் உட்கார்ந்த இடம், நுயிக்குச் சோறு, எல்லாம் அந்தக் கையில் இருந்தது. கையை வெறுமையாக வெளியே எடுத்துத் தரையில் ஊன்றி வணங்கினாள்.

“குறைத்தாள் அச்சுக்காரர் கையைத் தாண்டக் கூடாதுங்க, ஐயா. அதை வெளிய விடறவ அந்த மணையில உட்கார லாயக்கில்ல. எங்க பெரியவர் சொல்லிக் கொடுத்தது.”

முப்பது ஆண்டாகச் சொன்ன வாக்கியம் தன் மேலேயே வந்து விழுந்ததில் மொஹெய் கண்ணைத் திறந்தார். முதல் குரல் தூணருகிலிருந்து வந்தது.

“அண்ணி சொல்றது சரி” என்றான் கான்பெய். சொல்லிவிட்டு, கசப்பு மருந்து குடித்தவன்போல் வாயைத் துடைத்தான். “திரும்பி வந்த தாள்னு ஒண்ணும் இல்லையே. போகாத தாள்தான் ஒண்ணு.”

கிச்சிபெய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நூத்தியிருபதாவது ஆள் வழுக்கும் நதியார். மூணு மாசமா கூட்டத்துக்கே வரல. அவருக்கு ஒரு வெறுந்தாளை அனுப்பிடுங்க. இந்த வருஷம் பனி பலம்னு நினைச்சுக்குவார்.”

ஓசுமி ஜன்னலோர மணையில் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்தாள். அடுத்த மணையில் கான்பெய். இருவரும் வாரம் ஆறு சண்டை, ஏழாவது நாள் சோபா நூடுல்ஸ். அவள் முழங்கை காய்த்துப் போய் அடுப்படிக் கல்போல் ஆனது. குளியல் தொட்டியில் வெந்நீர் பதம் பார்க்க அதைத்தான் விடுவாள். “இவளுக்குச் சுடலைன்னா நாம வெந்துருவோம், நம்பாதீங்க” என்று பெண்கள் கத்துவார்கள். இரண்டு முறை எங்கள் சந்து தீயில் எரிந்தது. இரண்டு முறையும் அவள் முதலில் எடுத்து ஓடியது அந்தச் சுருட்டிய தாளை. சோற்றுப் பானைக்கு இரண்டாமிடம். புத்தாண்டு முதல் காலையில் அதைப் பிரித்து வெயிலில் சாய்த்து, எதிரே ஒரு கிண்ணம் டீ வைப்பாள். “வந்துட்டுப் போயிட்டார்” என்பாள். அவ்வளவுதான். பிறகு மோச்சிச் சூப்பைச் சூடு பண்ணப் போய்விடுவாள்.

போன ஆண்டு அவள் போனபோது, நுயி அந்தத் தாளை அம்மாவின் மார்பு மடிப்பிலேயே வைத்து அனுப்பினாள். கணவனின் காலடித் தடத்தை எடுத்துக்கொண்டே ஓசுமி அவரிடம் போய்ச் சேர்ந்தாள் என்று இங்கே முடித்து, நேற்று மாலை நுயிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நரைத்துவிட்டது, கட்டைவிரல் நகம் மட்டும் அப்படியே கோணல். கையிலிருந்த காயை உரித்து முடித்தாள். பிறகு தோலைக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“அத்தை, ஒரு இடம் மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க. அது அப்பா கை இல்ல. அப்போ எனக்கு அஞ்சு வயசு. அந்தப் பலகை மேல வச்சு அப்பாவோட சுத்தியலால அக்ரூட் கொட்டை உடைச்சேன். அம்மா வர்ற சத்தம் கேட்டதும் அப்பாதான் சுத்தியலைப் பிடுங்கிக்கிட்டு, ‘நீ பேசாத, நான்தான்னு சொல்லிக்கறேன்’னார். கடைசி வரைக்கும் அம்மாகிட்ட எனக்கு வாய் வரல. முதல் ரெண்டு அடி பலகையில விழுந்துச்சு. மூணாவது என் கட்டைவிரல்ல. அதனாலதான் ரெண்டே கோடு.”